60 அடி மரம், ஒரு செயின்சா, ஒரு மச்சான்

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இதுதான். வீட்டுக்குப் பின்னால் 60 அடி உயரத்தில் ஒரு மரம் நிற்கிறது. அடிமரம் இரண்டடி விட்டம். கொஞ்சம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது, உச்சியில் சில கிளைகள் காய்ந்துபோய்விட்டன. செயின்சா (சங்கிலி ஓடும் எந்திர ரம்பம்) வாடகைக்குக் கிடைக்கிறது. மச்சான் எதிர்ப்பக்கம் நின்று கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்வார், நான் அடியில் அறுப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் வேலைதானே, இதில் அப்படி என்ன ஆபத்து?

முடிந்துவிடும், சந்தேகமில்லை. எப்படி முடியும் என்பதில்தான் எனக்குப் பயம். இந்த மரத்தை நீங்கள் தொடாதீர்கள். மரமே வெட்டக்கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். மரம் வெட்டும் குழுவில் கிளை பொறுக்கும் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு கயிறு பிடித்து, பிறகு ரம்பம் பிடித்துப் பல வருடம் கழித்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அறுப்பது யாருக்கும் வரும். அரை மணி நேரம் பழகினால் செயின்சா வெண்ணெயாக அறுக்கும். அறுத்த பிறகு அந்த எடை எந்த வழியாகக் கீழே வரப்போகிறது என்பதை அறுப்பதற்கு முன்பே தெரிந்து வைத்திருப்பதுதான் தொழில். நீங்கள் எழுதியதில் அந்தப் பகுதியைக் காணோம்.

முதலில் எடை. பச்சை மரம் ஒரு கன மீட்டருக்குத் தோராயமாக 900 கிலோ இருக்கும். இனத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். இரண்டடி விட்டமுள்ள அடிமரத்தில் ஒரு மீட்டர் நீளத் துண்டு மட்டுமே சுமார் 250 கிலோ. உங்கள் மரத்தின் உயரம் 18 மீட்டர். மேலே போகப்போக ஒல்லியாகிறது என்று வைத்துக்கொண்டாலும் தண்டு மட்டும் இரண்டு டன் வரும். கிளையும் இலையும் சேர்த்து இரண்டரை டன் என்று வைத்துக்கொள்வோம். இதன் எடை மையம் தரையிலிருந்து ஆறு மீட்டர் உயரத்தில் இருந்தால், விழும்போது வெளிப்படும் ஆற்றல் ஒரு டன் கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதற்குச் சமம். உச்சி தரையைத் தொடும்போது அதன் வேகம் 80 கிலோமீட்டரை நெருங்கும். மரம் சாயத் தொடங்கும்போது மெதுவாகத்தான் சாயும். பார்க்கிறவர்களுக்கு இதென்ன இவ்வளவு நிதானமாக விழுகிறது என்று தோன்றும். அந்த நிதானத்தை நம்பித்தான் பலர் அங்கேயே நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கடைசி ஒரு விநாடியில் நடப்பது வேறு.

இதையே தொழிலாகச் செய்கிறவர்களின் நிலையைப் பாருங்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அமைப்பு 2022-க்குக் கொடுத்த கணக்கில், முழுநேரமாக மரம் வெட்டும் வேலையில் இருப்பவர்களில் லட்சம் பேருக்குச் சுமார் 100 பேர் அந்த ஆண்டு வேலையின்போது இறந்திருக்கிறார்கள். எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்த எண் நான்குக்கும் கீழே. பயிற்சி, தலைக்கவசம், பாதுகாப்பு உடை, கூட வேலை தெரிந்த ஆட்கள் எல்லாம் இருந்தும் இப்படி.

இனி மச்சானும் கயிறும். இந்த யோசனையை நான் கேட்காத வருடமே இல்லை, அதனால் கணக்குப் போட்டே காட்டுகிறேன். மரத்தின் எடை மையம் அடிமரத்திலிருந்து வீட்டுப் பக்கம் ஒரு மீட்டர் மட்டும் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேசான சாய்வு, ஒரு பக்கம் கிளை அதிகம் என்றாலே இது வந்துவிடும். இரண்டரை டன்னை ஒரு மீட்டரால் பெருக்கினால் 2,500. இதுதான் மரத்தை வீட்டுப் பக்கம் கவிழ்க்கும் திருகுவிசை. மச்சான் பத்து மீட்டர் உயரத்தில் கயிற்றைக் கட்டி, அடியிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நின்று, 50 கிலோ விசையில் விடாமல் இழுக்கிறார். நல்ல பலசாலி. கயிறு சரிவாக வருவதால் அதில் பக்கவாட்டில் வேலை செய்வது 35 கிலோதான். அதைப் பத்தால் பெருக்கினால் 350. மரத்தின் 2,500-க்கு எதிரே மச்சானின் 350. இப்படி ஏழு மச்சான்கள் வந்தாலும் கணக்கு கிட்டத்தட்டச் சமநிலைக்குத்தான் வரும்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. மரம் 18 மீட்டர், மச்சான் நிற்பது பத்து மீட்டரில். நீங்கள் நினைத்தபடியே எல்லாம் நடந்து மரம் அவர் பக்கமே விழுந்தால் அவர் மேல்தான் விழும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொண்டு நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். மரம் எதிர்ப்பக்கம் போனால் அவர்களையும் தூக்கிக்கொண்டு போகும்.

கயிறே கூடாது என்று சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர்கள் உயரமான இடத்தில் கட்டுவார்கள், மரத்தின் உயரத்தைத் தாண்டி ஒரு கப்பியைப் போட்டுத் திசை மாற்றுவார்கள், கைக்குப் பதிலாகக் கம்பிக்கயிற்று இழுவைக் கருவியை வைப்பார்கள். காரில் கட்டி இழுக்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். கார் ஓட்டுகிறவருக்கு எவ்வளவு இழுக்கிறோம் என்பது தெரியாது. அதிகம் இழுத்தால் மரம் பாதியில் பிளக்கும், அல்லது கயிறு அறுந்து சாட்டையாகத் திரும்பி வரும். நீண்டு இழுபடும் நைலான் கயிறு அறுந்தால் அது சேர்த்து வைத்திருந்த விசை முழுவதும் அறுந்த முனையில்தான் இருக்கும்.

சரி, மரம் எந்தப் பக்கம் விழும் என்பதை எது முடிவு செய்கிறது? பெரும்பகுதி அதன் எடைதான். தண்டின் சாய்வை மட்டும் பார்த்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். தண்டு தெற்கே சாய்ந்திருக்கும், வெளிச்சம் தேடிக் கிளைகள் வடக்கே படர்ந்திருக்கும். மொத்த எடை எங்கே என்பது அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியாது. தள்ளிப் போய், ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருக்கும் இரண்டு பக்கங்களிலிருந்து தூக்குக்குண்டு நூலைக் கண்முன் பிடித்துப் பார்க்க வேண்டும். மழையில் இலை நனைந்தால் எடை கூடும். காற்று வந்தால் இலையடர்ந்த உச்சி பாய்மரம் மாதிரி வேலை செய்யும். தரைமட்டத்தில் காற்றே இல்லாதபோதும் 60 அடி உயரத்தில் இருக்கும். நாங்கள் எல்லாம் தயாராகி நின்று, மேலே இலை அசைவதைப் பார்த்துவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிய நாட்கள் உண்டு. கூலி போனதே என்று எரிச்சலாகத்தான் இருக்கும்.

மீதித் திசையை முடிவு செய்வது கீல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தெரியாமல் வெட்டுகிறவர்கள் கெடுப்பது பெரும்பாலும் இதைத்தான். விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை எடுத்துவிடுவார்கள். அதன் ஆழம் விட்டத்தில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை இருக்கும். பிறகு பின்பக்கத்திலிருந்து அறுத்து வருவார்கள், ஆனால் முழுதாக அறுக்க மாட்டார்கள். முன் வெட்டுக்கும் பின் வெட்டுக்கும் நடுவில், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு ஒரு பட்டையை அறுக்காமல் விடுவார்கள். உங்கள் மரத்துக்கு அது ஆறு சென்டிமீட்டர். கதவுக்குக் கீல் எப்படியோ அப்படி இந்தப் பட்டை மரத்துக்கு. மரம் இதைச் சுற்றித்தான் மடிந்து விழுகிறது. பக்கவாட்டில் போகாமல் இதுதான் பிடித்துக்கொள்கிறது.

இந்த ஆறு சென்டிமீட்டரைத் தவறி அறுத்துவிட்டால் இரண்டரை டன் ஒரு கட்டையின் மேல் ஒட்டாமல் நிற்கும் பொம்மை. எந்தப் பக்கமும் போகலாம், நீங்கள் நிற்கும் பக்கமும். ஒரு ஓரம் கனமாகவும் மறு ஓரம் மெல்லியதாகவும் விட்டால் மெல்லிய ஓரம் முதலில் முறிந்து, மரம் கனமான ஓரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டே விழும். இரண்டு வெட்டும் ஒரே கோட்டில் சந்திக்காமல் போனாலும் கெடும். முன் வெட்டின் வாயைக் குறுகலாக வெட்டினால் மரம் பாதி சாய்ந்ததும் வாய் மூடிக்கொள்ளும். அந்த இடத்தில் கீல் முறிந்து, மீதிப் பாதி வழிக்குக் கட்டுப்பாடே இருக்காது. அதனால்தான் இப்போது 70 பாகை அளவுக்கு அகலமாகத் திறந்து வெட்டச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உள்ளே உளுத்துப்போன மரத்தில் நீங்கள் எவ்வளவு அழகாக வெட்டினாலும் கீலுக்கு நார் இருக்காது. அடியில் காளான் பூத்திருக்கிறதா, மரத்தூள் கொட்டியிருக்கிறதா, சுத்தியலால் தட்டினால் பறை மாதிரி ஒலிக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் இதற்காகத்தான்.

மரத்தை முன்பக்கம் சாய்க்கப் பின்வெட்டில் சொருகும் ஆப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீலிலிருந்து அரை மீட்டர் தள்ளி இரண்டரை சென்டிமீட்டர் தூக்கினால் 20 மீட்டர் மரத்தின் உச்சி ஒரு மீட்டர் நகரும். அவ்வளவு சக்தி அந்தச் சின்ன ஆப்புக்கு. ஆனால் பிளாஸ்டிக் ஆப்பாக இருக்க வேண்டும். இரும்பு ஆப்பில் ஓடும் சங்கிலி பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சாய்ந்த மரத்துக்கு இன்னொரு குணம் இருக்கிறது, உங்கள் மரத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது சாய்ந்த பக்கமே விழும்படி வெட்டினால் சுலபம் என்று தோன்றும். ஏற்கெனவே தண்டின் பின்பக்க நார்கள் இழுபட்டு விறைத்து நிற்கின்றன. பின்பக்கத்திலிருந்து மெதுவாக அறுத்துக்கொண்டு வரும்போது, பாதியிலேயே மரம் போகத் துடிக்கும். கீழே இன்னும் கனமான கட்டை அறுபடாமல் இருக்கிறது, மடிய முடியாது. அப்போது தண்டு நெடுக்காகப் பிளக்கும். ரம்பத்துக்கு மேலே பத்துப் பதினைந்து அடிக்குப் பிளந்து, முன்பாதி விழ, பின்பாதி நெம்புகோல் மாதிரி பின்னால் எகிறும். அந்தப் பின்பாதிக்கு நேர் எதிரேதான் ரம்பம் பிடித்தவரின் முகமும் நெஞ்சும் இருக்கும். பிளக்கிற சத்தம் கேட்டு நகர்வதற்கு நேரம் கிடையாது. கனமாகச் சாய்ந்த மரத்துக்குப் பின்பக்கத்தில் ஒரு பிடியை விட்டுவைத்து, நடுவில் துளைத்து அறுத்து, கடைசியில் அந்தப் பிடியை விடுவிக்கும் முறை ஒன்று உண்டு. எழுத்தில் படித்துக் கற்றுக்கொள்ளக்கூடிய முறை அல்ல அது. துளைத்து அறுப்பதற்கு, சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகட்டின் நுனியை மரத்துக்குள் விட வேண்டும், அந்த நுனியில்தான் செயின்சாவின் மிகக் கெட்ட பழக்கம் இருக்கிறது.

அந்தப் பழக்கம் இது. நல்ல செயின்சாவில் சங்கிலி விநாடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடும், மணிக்கு 70 கிலோமீட்டர். தகட்டு நுனியின் மேல்கால்வாசி எதிலாவது பட்டால் பற்கள் கடித்து ஒரு கணம் நிற்கும். ஓட்டத்தின் விசை முழுவதும் ரம்பத்தை மேல்நோக்கிப் பின்னால் சுழற்றிவிடும். அறுக்கிற மரத்தில்தான் படவேண்டும் என்றில்லை, பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு சுள்ளி போதும். கழுத்து, தோள், முகம் என்றுதான் வந்து சேரும். ஆள் சுதாரிக்கும் நேரத்தைவிட அது வேகம். சங்கிலியை நிறுத்தும் பிரேக் இருக்கிறது, இடதுகைப் பெருவிரல் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருந்தால் ரம்பம் ஓரளவு கையில் நிற்கும். தோளுக்கு மேலே தூக்கி அறுப்பவர்கள் இந்த இரண்டையும் நம்ப முடியாது.

ஏணிக்கு வருகிறேன். மேலே இருக்கும் கிளைகளை முதலில் கழித்துவிட்டால் மரம் லேசாகும் என்று யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். சொல்வது உண்மைதான், செய்யும் விதம்தான் ஆளைக் கொல்கிறது. நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டியவன் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். வெட்டப்போகும் கிளையிலேயே ஏணியைச் சாத்துகிறவர் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். கிளையின் நுனிப்பகுதி கழன்று விழுந்ததும் எடை குறைந்து மீதிக்கிளை மேலே எழும்பும், சாத்திய ஏணிக்குப் பிடிப்பு போய்விடும். சரி, தண்டில் சாத்தலாம் என்றால், வெட்டிய கிளை நேராகக் கீழே விழாது. நுனி முதலில் தரையைத் தொட்டு, அடிப்பகுதி ஊஞ்சல் மாதிரி தண்டுப் பக்கம் வரும். எனக்கு நடந்தது இதுதான். சேர்ந்த இரண்டாவது வருடம், பெரியவர் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், எட்டடி ஏணியில் நின்று கைரம்பத்தால் ஒரு தொடைக் கனக் கிளையை அறுத்தேன். கிளையின் அடி வந்து ஏணியின் காலைத் தட்டிவிட்டது. எட்டடிதான். மணிக்கட்டு எலும்பு முறிந்து மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். கையில் இருந்தது ஓடும் செயின்சாவாக இருந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

உங்கள் மரத்தின் உச்சியில் காய்ந்த கிளைகள் இருக்கின்றன என்றீர்களே, கேள்வியிலேயே எனக்கு அதிகம் உறுத்தியது அந்த வரிதான். பச்சைக் கிளை வளையும், காய்ந்தது முறியும். அடியில் ரம்பம் அதிர அதிர உச்சி வரை அந்த அதிர்வு போகும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கட்டை விழ ஒன்றரை விநாடிகூட ஆகாது. தலைக்கு வரும்போது அதன் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். காதில் செயின்சா நூறு டெசிபலுக்கு மேல் இரைந்துகொண்டிருக்கும்போது மேலே முறிகிற சத்தம் கேட்காது. ஆங்கிலத்தில் மரவெட்டிகள் இப்படித் தொங்கும் கிளைகளுக்கு 'விடோ மேக்கர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், தாலியறுக்கும் கிளை என்ற பொருளில். மரம் விழுந்த பிறகும் இது முடியாது. விழும்போது பக்கத்து மரத்தை உரசி, அதன் கிளைகளை வளைத்து விட்டுவிட்டுப் போகும். அவற்றில் முறிந்தவை சில விநாடிகள் கழித்து மெதுவாகக் கழன்று விழும். விழுந்த மரத்தைப் பார்க்க எல்லோரும் ஓடி வரும் நேரம் அது.

விழுகிற மரம் பக்கத்து மரத்தில் சாய்ந்து மாட்டிக்கொண்டால்? எங்கள் ஆட்களுக்கே பிடிக்காத நிலைமை இது. தொங்கும் மரத்தின் அடியில் போய் ஒரு துண்டு அறுத்துவிட்டால் இறங்கிவிடும் என்று தோன்றும். தாங்கிக்கொண்டிருக்கும் மரத்தை வெட்டினால் இரண்டும் விழும் என்றும் தோன்றும். இரண்டுமே ஆளைக் கொன்ற வேலைகள். எந்த நொடியில், எந்தப் பக்கம் உருளும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாட்டிக்கொண்டால் ரம்பத்தை அணைத்துவிட்டு, சுற்றிலும் யாரும் வராமல் அடைத்துவிட்டு, இழுக்கும் எந்திரம் உள்ளவரைக் கூப்பிடுவதுதான் வழி. வெட்டாமல் இருந்திருந்தால் கூப்பிட்டிருக்க வேண்டிய அதே ஆளை, இப்போது இன்னும் கஷ்டமான வேலைக்குக் கூப்பிடுகிறீர்கள்.

மின்கம்பி பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. மரத்தின் உயரத்துக்குள், எந்தப் பக்கமாக இருந்தாலும், கம்பி ஒன்று போகிறது என்றால் பேச்சே வேண்டாம், மின்வாரியத்திடமோ கம்பிக்குப் பொறுப்பானவர்களிடமோ சொல்லி இணைப்பைத் துண்டிக்காமல் யாருமே வேலை தொடங்கக்கூடாது. பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும், ஈரக் கயிறும் கடத்தும். உயர் அழுத்தக் கம்பியை மரம் தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே தாவும். கம்பி மரத்தோடு தரையில் விழுந்துவிட்டால், மண்ணிலேயே மின்னழுத்தம் பரவியிருக்கும். எட்டு வைத்து நடந்தால் இரண்டு காலுக்கும் நடுவில் மின்சாரம் பாயும். அருகே இருந்துவிட்டால் இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தூக்காமல் தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும். தூக்கிவிடப் போனவர் இறந்த கதைகள் இதில் நிறைய.

எல்லாம் தப்பி, மரம் நல்லபடியாக விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஆள் அசந்து போவது இதற்கப்புறம்தான். தரையில் கிடக்கும் மரம் செத்த பாம்பு இல்லை. அதன் கிளைகள் வில்லாக வளைந்து அடியில் அமுங்கியிருக்கும். சில கிளைகள்தான் தண்டை உருளாமல் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கும். எது எது என்று தெரியாமல் வெட்டினால் ஒன்று முகத்தில் அடிக்கும், அல்லது தண்டு காலின் மேல் உருளும். ஆப்பசைத்த குரங்கின் கதை நமக்கெல்லாம் தெரியும். பிளந்து வைத்த மரத்தில் அழுந்தியிருந்த விசையை ஆப்புதான் தாங்கியிருந்தது, குரங்கு அதைப் பிடுங்கியது. செயின்சாக்காரர்கள் தினமும் இதே பாடத்தைப் படிக்கிறார்கள்: மரத்தில் எந்தப் பக்கம் அமுங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று பார்த்து, அமுங்கிய பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, இழுபட்ட பக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் தகடு சிக்கும், இல்லாவிட்டால் மரம் பிளந்து எகிறும்.

புயலில் வேரோடு சாய்ந்த மரத்தை வெட்டுவது சுலபம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். படுத்துக் கிடக்கிறதே, இனி எங்கே விழப்போகிறது என்பார்கள். வேர்த்தட்டு மண்ணோடு செங்குத்தாக நிற்கும், தண்டின் எடைதான் அதை அப்படிப் பிடித்து வைத்திருக்கிறது. தண்டை அறுத்ததும் அந்த வேர்த்தட்டு மிச்சக் கட்டையோடு படாரென்று பழைய குழிக்கே எழுந்து உட்காரும். குழிக்குள் குழந்தைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, நீங்களே செய்யக்கூடியது எதுவுமே இல்லையா? உண்டு. இரண்டு கால்களும் தரையில் இருக்க, கையால் தூக்கி நகர்த்தக்கூடிய கனத்தில், கீழே விழுந்தால் எதன் மேலும் படாத கிளைகளைக் கைரம்பத்தால் கழிக்கலாம். அடியில் ஒரு சாண் விட்டத்துக்குள் இருக்கும், நேராக நிற்கும், சுற்றிலும் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு வெற்றிடம் உள்ள இளமரத்தை, தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, வெட்டிப் பழகலாம். இதற்கும் தலைக்கவசம், முகத்துக்கு வலை, காதுக்கு மூடி, வழுக்காத கனமான காலணி வேண்டும். ஜீன்ஸ் போட்டிருக்கிறேன் என்று சொல்லாதீர்கள், சங்கிலிக்கு அது காகிதம். அறுபடும்போது உள்ளிருக்கும் நீள நார்கள் வெளிவந்து சங்கிலியைச் சுற்றி நிறுத்தும்படி செய்த கால்சட்டைகள் தனியாக உண்டு. தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுபட்டால் சில நிமிடங்கள்தான்; அதனால் தனியாக வேலை செய்யக்கூடாது, ரத்தத்தை அழுத்தி நிறுத்தத் தெரிந்த ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். தொடங்குவதற்கு முன்பே பின்பக்கமாகச் சரிவாக விலகிப் போக இரண்டு வழிகளைச் சுள்ளி, கல் இல்லாமல் சுத்தம் செய்து வைக்க வேண்டும். நேர் பின்னால் ஓடக்கூடாது. அடிமரம் பின்னால் உதைக்கும்.

உங்கள் மரத்துக்கு ஆள் பிடிக்கும்போது, எவ்வளவு ஆகும் என்று கேட்பதற்கு முன்னால் எப்படி இறக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். வீட்டுப் பக்கம் சாய்ந்த மரத்தை அடியில் அறுத்து ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். நல்ல ஆள் பேசுவதற்கு முன் மரத்தைச் சுற்றி வருவார், அண்ணாந்து பார்ப்பார், அடியில் தட்டிப் பார்ப்பார், காய்ந்த கிளையைப் பார்த்து முகம் சுளிப்பார். மேலிருந்து துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும், அல்லது தூக்குவண்டி வேண்டும் என்பார். காய்ந்த உச்சியில் ஏறமாட்டேன் என்று சொன்னால் இன்னும் நல்லது. காயம் பட்டாலோ உங்கள் கூரையோ பக்கத்து வீட்டுச் சுவரோ சேதமானாலோ யார் பொறுப்பு, காப்பீடு இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல இடங்களில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

வெட்டும் நாளில் உங்களுக்கும் மச்சானுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மரத்தின் உயரத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ள ஒரு குச்சி போதும். கையை நீட்டி, கண்ணிலிருந்து கை வரை உள்ள தூரத்துக்குச் சமமான நீளம் கைக்கு மேலே இருக்கும்படி குச்சியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். கை மரத்தின் அடியோடும் குச்சியின் நுனி உச்சியோடும் பொருந்தும்வரை பின்னால் நடந்து போங்கள். பொருந்தும் இடத்திலிருந்து மரம் எவ்வளவு தூரமோ அதுதான் அதன் உயரம். இன்னும் அதே அளவு பின்னால் நடந்து, அந்த வட்டத்தில் கயிறு கட்டுங்கள். 60 அடி என்பது சரியாக இருந்தால் கயிறு 120 அடியில் வரும். குழுவினரைத் தவிர வேறு யாரும், தண்ணீர் கொடுக்கப் போகிறவர்கூட, ரம்பம் நின்று அவர்கள் கையைக் காட்டும்வரை அந்தக் கயிற்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் நீங்கள் நில்லுங்கள், மறுபக்கம் மச்சான் நிற்கட்டும்.